பறங்கி என்றால் பிரெஞ்சுக்காரரா? வேர் பார்க்கும் முறை

ஓசூர் சந்தையில் கன்னடம் பேசுபவர் ‘பரங்கி ஹண்ணு’ கேட்டால் பப்பாளியைக் கொடுங்கள். தமிழில் பரங்கிக்காய் என்றால் மஞ்சள் பூசணி. பெயரும் ஒன்று, பூர்வீகமும் ஒன்று: இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், ஐரோப்பியர் கப்பலேறி வந்தவை. ஐரோப்பியரைக் குறித்த ‘பறங்கி’ என்ற சொல்தான் அவற்றின் பெயரில் ஒட்டியிருக்கிறது.

வேர் தேடும்போது முதலில் ஓசையைப் பாருங்கள். பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்த ‘பிராங்க்’ இனத்தாரை அரபியர் ‘இஃப்ரஞ்ச்’ என்றனர், பாரசீகர் ‘ஃபரங்’ என்றனர். நம் சொல்லில் ‘ஞ்ச’ இல்லை, ‘ங்க’ இருக்கிறது. அதனால் பாரசீக வழி. ‘ஃப’ நம் வாயில் ‘ப’ ஆயிற்று. ‘பீரங்கி’யும் இதே வேர்தான்; வெடிக்கும் குழாய்க்கு அதைக் கொண்டுவந்தவன் பெயரே நிலைத்துவிட்டது.

ர, ற வேறுபாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். திருப்பரங்குன்றத்தை இதோடு சேர்ப்பது பெரிய பிழை. அந்தக் குன்றம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. போர்ச்சுகீசியர் இந்தியாவில் கால்வைத்ததோ 1498-இல்.

அடுத்து ஆண்டு. இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். அரபியரும் பாரசீகரும் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். தமிழ்க் கரையில் முதலில் அது ஒட்டியது போர்ச்சுகீசியர்மேல். பறங்கிப்பேட்டை, பறங்கிமலை இரண்டும் அந்த வழியில் வந்த பெயர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேறியது 1674-இல். அதற்கு முந்தைய தமிழ் ஏட்டில் பறங்கி என்றிருந்தால் பிரெஞ்சு என்று பெயர்க்க வேண்டாம். அவர்களைத் தனியாகச் சுட்டப் ‘பிராஞ்சு’ என்ற வடிவம் பழைய எழுத்தில் உண்டு.

தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதியின் கதைகளில் சிக்கல் கூடும். மைசூரை ஆண்ட ஐதர், திப்பு படைகளில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். எதிரில் ஆங்கிலேயக் கம்பெனி. இருவருமே ஊராருக்குப் பறங்கிகள்தான். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கதையில் வருகிறவன் யார் பக்கம் நிற்கிறான், என்ன செய்கிறான் என்று பாருங்கள். 1791-இல் ராயக்கோட்டையைத் தாக்கியவன் என்றால் கம்பெனி ஆள். மைசூர்ப் படையோடு வருபவன் பிரெஞ்சுக்காரனாக இருக்கலாம். 1792-க்குப் பிறகு நிலம் அளந்து வரி போடுகிற பறங்கி ஆங்கிலேயன்; அந்த ஆண்டில்தான் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது.