குறி ஒன்று, பொருள் வேறு: மொழி மாறி நிரல் எழுதும்போது நேரும் தவறுகள்

மலையாளத்தில் 'சம்சாரம்' என்றால் பேச்சு; நமக்கோ மனைவி. பாலக்காட்டு நண்பர் ஒருவர் தம் மேலாளரின் சம்சாரம் சரியில்லை என்று குறைபட்டுக்கொண்டபோது, அடுத்தவர் குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். புரியாத சொல்லாக இருந்திருந்தால் பொருள் கேட்டிருப்பேன். தெரிந்த சொல் என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

நிரல் எழுதுவதிலும் ஆளைக் கவிழ்ப்பவை இந்த வகைப் பிழைகளே. அரைப்புள்ளி விட்டுப்போனால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் கத்திச் சொல்லிவிடும். அடைப்புக்குறியை மூட மறந்தால் சிவப்புக் கோடு விழும். ஒரு மொழியில் பழகிய குறியை இன்னொரு மொழியில் அதே பொருளில் எழுதினால் மட்டும் சத்தமே இருக்காது. நிரல் ஓடும், விடை தப்பாக வரும். ஒரு சாதாரண இணையதளத்துக்கே உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பைத்தானோ பிஎச்பியோ ஜாவாவோ, அடியில் தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் என்று தொட வேண்டியிருப்பதால் இதில் சிக்காதவர் அரிது.

இரட்டைச் சமக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் == போட்டால் இரண்டு சரங்களிலும், அதாவது எழுத்துகளைக் கோத்த தொடர்களிலும், எழுத்துகள் ஒன்றா என்று பார்க்கும். ஜாவாவில் அதே குறி, இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருப்பவையா என்று பார்க்கும். எழுத்துகளை ஒப்பிட, சரத்தோடு கூடவே வரும் ஈக்வல்ஸ் என்ற மெத்தடை (கட்டளையை) அழைக்க வேண்டும். இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. நிரலுக்குள் மேற்கோளிட்டு எழுதிய ஒரே மாதிரியான சரங்களை ஜாவா ஒரே இடத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே நாம் 'மதுரை' என்று இரண்டு இடத்தில் எழுதிச் சோதித்தால் == ஆம் என்கும். பயனர் படிவத்தில் 'மதுரை' என்று தட்டினால் இல்லை என்கும். இன்டிஜர் என்ற பொதிந்த எண் வகையில் கூத்து இன்னும் கூடுதல்: 127-ஐ 127-உடன் ஒப்பிட்டால் சமம், 128-ஐ 128-உடன் ஒப்பிட்டால் சமமில்லை. -128 முதல் 127 வரையான எண்களை ஜாவா முன்பே செய்துவைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அவற்றையே எடுத்துக்கொடுப்பதுதான் காரணம்.

ஜாவாஸ்கிரிப்டின் == வேறு ரகம். இரு பக்கமும் வகை பொருந்தாவிட்டால் தானாகவே மாற்றிப் பார்க்கும். வெற்றுச் சரமும் 0-வும் சமம். '0' என்ற சரமும் 0-வும் சமம். ஆனால் அந்த இரண்டு சரங்களும் ஒன்றுக்கொன்று சமமில்லை. இதில் விதிகளை மனப்பாடம் செய்வதை விட, வகையை மாற்றாமலே ஒப்பிடும் === எழுதிவிட்டுப் போவது மேல். பிஎச்பியில் 0-வையும் 'மாம்பழம்' என்ற சரத்தையும் == கொண்டு ஒப்பிட்டால் 7-ஆம் பதிப்பு வரை சமம் என்றே சொல்லிவந்தது. 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் திருந்தியது. பழைய தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் இது.

கூட்டல் குறியிலும் இதே தொல்லை. படிவத்தில் பயனர் எண்ணைத் தட்டினாலும் நம் கைக்கு வருவது சரம். விலை 500, வரி 90. ஜாவாஸ்கிரிப்டில் மாற்றாமல் கூட்டினால் 50090. அதே இரண்டைக் கழித்தால் சரியாக 410 வரும், ஏனென்றால் கழித்தல் குறிக்குச் சரத்தில் வேலையில்லை. தள்ளுபடிக் கணக்கு சரியாக வருகிறதே என்று நம்பி, வரிக் கணக்கைச் சோதிக்காமல் விடுவோம். சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்; புதிதாகக் கற்பவர்கள் அதைத் திட்டுவார்கள், எனக்கு அது செய்யும் உபகாரமாகவே படுகிறது. பிஎச்பியில் கூட்டல் குறி எண்ணாகக் கூட்டும், ஒட்டுவதற்குப் புள்ளி. வரிசைப்படுத்துவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 9, 10, 100 என்ற அணியை ஜாவாஸ்கிரிப்டின் சார்ட்டிடம் சும்மா கொடுத்தால் 10, 100, 9 என்று திருப்பித் தரும். எண்களைச் சரங்களாக்கி அகராதி வரிசையில் அடுக்குவதே அதன் இயல்பு.

மீதி காணும் % குறியைப் பலரும் சந்தேகப்படுவதே இல்லை. ஞாயிறு 0, சனி 6 என்று கிழமைகளை எண்ணிட்டு, ஞாயிறுக்கு முந்தைய நாளைக் கண்டுபிடிக்க 1 கழித்து 7-ஆல் மீதி எடுக்கிறோம். பைத்தான் 6 என்கும், சனிக்கிழமை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் -1 என்கும், அப்படியொரு கிழமை பஞ்சாங்கத்திலேயே இல்லை. கழித்த பிறகு 7-ஐக் கூட்டி மீதி எடுத்தால் எல்லா மொழியிலும் சரியாக வரும்.

தேதி என்று வந்தால் ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0-ஆம் மாதம். 2025, 1, 30 என்று கொடுத்தால் பிப்ரவரி 30 என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நாள் இல்லாததால் ஒரு வார்த்தை பேசாமல் மார்ச் 2-க்குப் போய்விடும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழியும் உண்டு. ஜனவரி 30 நள்ளிரவு 12 மணி என்ற நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அதன் தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 29 என்றிருக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கிறோம் அல்லவா.

பைத்தானில் ஒரு செயற்கூறுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுக்கு), அழைப்பவர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுப்பதும் இதே குடும்பம். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதுப் பட்டியல் பிறக்கும். பைத்தானில் செயற்கூற்றை வரையறுக்கும்போது பிறந்த ஒரே பட்டியல்தான் எல்லா அழைப்புக்கும். முதல் வாடிக்கையாளர் வாங்கிய சாமான் இரண்டாமவர் பையிலும் இருக்கும். எஸ்க்யூஎல்லில் நல் என்ற வெறுமை தனக்குத் தானே கூடச் சமமில்லை; அதைத் தேட இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும்.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது தமிழ்ச் சரம். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் ஏற்றும் வேலை. 'கோபால்' என்று தேடினால் யாருமில்லை என்று வருகிறது. பட்டியலில் கோபால் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். பெயரை அங்கிருந்தே நகலெடுத்துத் தேடினால் மட்டும் கிடைக்கிறார். நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன். நான் தட்டிய கோபாலுக்கு பைத்தான் 6 என்றது, பட்டியலில் இருந்தவருக்கு 7.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் 'ோ' என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வந்தாலும் திரையில் அச்சு அசலாக அதே 'கோ' தெரியும். பட்டியல் பழைய எழுத்துருவில் தட்டச்சானது. கொம்பு, க, கால் என்று பார்வை வரிசையில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பைத் தூக்கி 'க'வுக்குப் பின்னால் வைத்தார்களே தவிர, காலோடு சேர்த்து ஒன்றாக்கவில்லை. 'வைத்தார்கள்' என்ன, அந்த மாற்றியை எழுதியவன் நானேதான். தீர்வு ஒரு வரி: சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் சரத்தை, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற மெத்தட், பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுதியில் அதே பெயரிலான செயற்கூறு. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எதுவுமே செய்ய வேண்டாம்; அதன் == இரண்டு கோபாலையும் ஒருவராகவே பார்க்கும். 'ஔவை'யை 'ஒ', 'ள' என்று தட்டி 'ஒளவை' ஆக்கியவர்களை மட்டும் எந்த நார்மலைஸும் காப்பாற்றாது.

நீளத்திலும் மொழிக்கொரு கணக்கு. நம் கண்ணுக்கு கோபாலில் 3 எழுத்து. ஸ்விஃப்ட் அப்படியே சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 6 என்கும். பிஎச்பியின் சாதாரண ஸ்டர்லென் பைட்டுகளை எண்ணி 18 என்கும், யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 50 இடம் கொண்ட பெயர் நெடுவரிசை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 50 குறியீடுகளைக் கொள்ளும். ஆரக்கிளில் மாற்றிச் சொல்லாவிட்டால் 50 பைட்; அதில் தமிழ் 16 குறியீட்டோடு நின்றுவிடும், 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயர்கூட 16 என்று விளிம்பில் வந்து நிற்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுநாள் இருந்தது குறியீட்டுக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தராது. நம் சோதனைகளெல்லாம் தேறிவிடும், ஏனென்றால் தமிழ் 3 பைட்டில் அடங்கிவிடுகிறது. யாராவது ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டதும் உடையும். யுடிஎஃப்8எம்பி4 என்று அட்டவணையை அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எமோஜி நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும், 320-இல் ஒரு பங்கான முந்திரி உட்பட, 4 பைட்தான்.