ஷெங்கன் விசா: காகிதங்கள் ஒன்றையொன்று மறுக்கும்போது

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிடுவோரிடம் விசாவைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள்: வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, விடுப்புக் கடிதம், ஓட்டல் முன்பதிவு, காப்பீடு. பட்டியலில் உள்ளவற்றை எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டால் விசா கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையே பல தவறுகளுக்கு வேராக இருக்கிறது. விண்ணப்ப மையத்தில் காகிதங்களை வாங்கி, கைரேகை பதிவு செய்யும் ஊழியருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது; முடிவெடுக்கும் தூதரக அதிகாரியோ பெரும்பாலான விண்ணப்பதாரர்களை நேரில் பார்ப்பதே இல்லை. அவர் முன் இருப்பவை காகிதங்கள் மட்டுமே. ஆகவே ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதம் மறுக்காமல் இருப்பது, காகிதங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது. இதற்குப் பயணத் திட்டம் முதலில் முடிவாகியிருக்க வேண்டும். விசாவுக்காக ஒரு திட்டம், பயணத்துக்காக வேறொரு திட்டம் என்று வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

திட்டத்திலேயே நேரும் முதல் தவறு, ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஷெங்கன் பகுதியையும் ஒன்றாக எண்ணுவது. ஒரே விசாவில், உள் எல்லைப் பரிசோதனை இல்லாமல் சென்றுவரக்கூடிய நாடுகளின் கூட்டே ஷெங்கன் பகுதி; அதில் இப்போது 29 நாடுகள் உள்ளன. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உள்ளன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உள்ளன, ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில்தான் முழுமையாகச் சேர்ந்தன என்பதால், சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை நம்பினால் கணக்குத் தவறும். பிரிட்டனுக்கு எப்போதும் தனி விசா வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாமல் போடப்படும் பாதைகளில் அடிக்கடி காணப்படுவது பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்ற வரிசை. பாரிஸிலிருந்து லண்டனுக்குச் சென்ற கணமே ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகிவிடும். ஆம்ஸ்டர்டாமுக்குப் போவது இரண்டாவது நுழைவு. கையில் இருப்பது ஒரே ஒரு நுழைவுக்கான விசா என்றால், பிரிட்டன் விசா இருந்தாலும் பயணத்தின் பிற்பாதி அங்கேயே நின்றுவிடும். ஆகவே லண்டனை வரிசையின் தொடக்கத்திலோ முடிவிலோ வைக்க வேண்டும். முடியாதென்றால் விண்ணப்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு தேவை என்று காரணத்துடன் கேட்க வேண்டும்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதிலும் விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரே நோக்கத்துடன் பல நாடுகளுக்குச் செல்பவர், அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். இதை விட்டுவிட்டு, எந்த நாட்டுக்கு விரைவில் நேரம் ஒதுக்கிக் கிடைக்கிறது, எந்த நாடு எளிதாக விசா தருகிறது என்று தேடிப்போய், அந்த நாட்டில் ஆறு இரவுகள் தங்குவதாகப் போலி முன்பதிவு காட்டிவிட்டு, விசா வந்தபின் அதை ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். முகவர்கள் சிலர் இதைத் தொழில் நுட்பமாகவே கற்றுத் தருகிறார்கள். நுழைவுப் பரிசோதனையில் அதிகாரி ஓட்டல் முன்பதிவைக் கேட்டால் விளக்க முடியாமல் போகும். பொய்த் தகவலால் பெற்றதாகத் தெரிந்தால் விசாவை அங்கேயே செல்லாததாக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதே நேரத்தில், விசா தந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும் என்ற அச்சம் தேவையற்றது. சுவிட்சர்லாந்தில் அதிக நாள்கள் தங்குபவர், சுவிஸ் விசாவுடன் பிராங்பர்ட்டில் இறங்கி ரயிலில் செல்லலாம்.

பணத்தைப் பற்றிய காகிதங்களே மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. கணக்கில் பெரிய தொகை இருந்தால் போதும் என்று எண்ணி, விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பு உறவினரிடம் கைமாற்றாக வாங்கி மூன்று லட்சத்தைப் போட்டு வைப்பது நம்மிடையே பரவலான வழக்கம். அதிகாரி கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதந்தோறும் என்ன வந்தது, என்ன செலவானது, இந்த வாழ்க்கை நடத்துபவர் இந்தப் பயணச் செலவைத் தாங்குவாரா என்று பார்க்கிறார். மாதம் நாற்பதாயிரம் வந்துபோகும் கணக்கில் திடீரென மூன்று லட்சம் தோன்றினால், அது வசதியைக் காட்டுவதற்குப் பதிலாக ஐயத்தையே எழுப்பும். பணம் நேர்மையாக வந்ததாக இருந்தால் வழி எளிது: முதிர்ந்த வைப்பு நிதி என்றால் அதன் ரசீது, நிலம் விற்றது என்றால் பத்திரத்தின் நகல், தந்தை கொடுத்தது என்றால் அவருடைய கடிதமும் அவருடைய வங்கி அறிக்கையும், உறவைக் காட்டும் சான்றும். கடை நடத்துபவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. வியாபாரம் முழுவதும் ரொக்கத்தில் நடந்து, வரிக் கணக்கில் சிறு தொகை மட்டுமே காட்டப்பட்டிருந்தால், உண்மையான வசதி எவ்வளவு இருந்தாலும் அதற்குக் காகிதம் கிடையாது. இதை ஒரு மாதத்தில் சரிசெய்ய முடியாது; அப்படிப்பட்டவர்கள் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போட்டு, வருமானத்தை வங்கி வழியாகக் கொண்டுவருவதே நல்லது. வருமானத்துக்கு ஏற்பத் திட்டத்தைச் சுருக்குவதும் ஒரு வழிதான். சுவிட்சர்லாந்தில் பன்னிரண்டு நாள்கள் என்பதை ஐந்தாக்கி, செலவு குறைந்த செக் குடியரசையோ போர்ச்சுகலையோ சேர்த்துக்கொண்டால் விண்ணப்பம் நம்பத்தக்கதாகும். அப்போது நாள்களை மீண்டும் எண்ணி, விண்ணப்பிக்க வேண்டிய நாடு மாறிவிட்டதா என்று பார்க்க மறக்கக் கூடாது.

தேதிகள் முரண்படுவது சிறு பிழைபோலத் தோன்றும், ஆனால் விண்ணப்பம் முழுவதையும் கெடுத்துவிடும். சென்னையிலிருந்து புறப்படும் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. 15-ஆம் தேதி இரவு வீட்டை விட்டுக் கிளம்புகிறோம் என்று நாம் பேசிக்கொண்டாலும் டிக்கெட்டில் 16 என்றுதான் இருக்கும். விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதி, காப்பீட்டில் இன்னொன்று, ஓட்டலில் ஒரு இரவு குறைவு என்ற குழப்பம் இங்கிருந்தே பிறக்கிறது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அது ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாக வேண்டும். அவசர மருத்துவத்தையும், தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்க வேண்டும். விலை மலிவு என்பதற்காக ஒரு நாட்டுக்கு மட்டும் எடுத்த காப்பீடு பயன்படாது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும்; வங்கிக் கணக்கிலும் அலுவலகக் கடிதத்திலும் அது வெறும் தலைப்பெழுத்தாக இருக்கும்; மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கலாம். முகப்புக் கடிதத்தில் இரண்டு வரிகளில் இதை விளக்கிவிட்டால் போதும், ஆனால் விமான டிக்கெட்டில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் தங்க நினைப்பவர்கள் மேலும் கவனிக்க வேண்டும்: ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அறிவித்த ஐக்கிய அரபு அமீரகம், தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்த்தியது.

காலக் கணக்குக்கு வருவோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாள்களில் வரும், சில விண்ணப்பங்களில் 45 நாள்கள் வரை நீளலாம். ஆனால் இந்தக் கணக்கு விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகே தொடங்குகிறது. மே, ஜூன் பயணங்களுக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குவது மிகையல்ல. விசா வரும் முன்பே திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்குவது, சூதாட்டத்துக்கு ஈடானது. பெரியவர்களுக்கான 90 யூரோ கட்டணம் (6 முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 45) மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. காத்திருக்கும் நாள்களில் பாஸ்போர்ட்டும் தூதரகத்திடமே இருக்கும் என்பதால் இடையில் சிங்கப்பூருக்குப் போய்வரலாம் என்று எண்ண வேண்டாம்.

டிக்கெட் தேடும்போது வழியில் மாறும் விமான நிலையத்தையும் பார்க்க வேண்டும். லண்டனில் விமானம் மாறும் இந்தியர்களுக்கு, விலக்குகளில் ஒன்று பொருந்தாவிட்டால், நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இடைவழி விசா தேவைப்படும். சாதாரணச் சுற்றுலா ஷெங்கன் விசா அந்த விலக்கைத் தருவதில்லை. தனித்தனியே வாங்கிய இரண்டு மலிவு டிக்கெட்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு: முதல் விமானத்தின் பெட்டியை எடுக்க அந்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தவுடன் மகிழ்ச்சியில் மூடி வைக்காமல் படிக்க வேண்டும். செல்லுபடியாகும் தேதிகள் ஒன்று, தங்க அனுமதிக்கப்பட்ட நாள்கள் வேறு. மே 1 முதல் மே 30 வரை செல்லுபடியாகும் விசாவில் தங்கும் காலம் 15 நாள்கள் என்று இருந்தால், மே 10-இல் நுழைந்தவர் 24-ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில் கணினியே இந்த நாள்களை எண்ணுவதால், முத்திரையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. விதிப்படி நடந்துகொண்டால் பலனும் உண்டு: 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஏற்கப்பட்ட விதிப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கான பல நுழைவு விசா கிடைக்க வாய்ப்பு உள்ளது.

பெட்டி கட்டும்போது, நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதிக்கப்படாத பால் பொருள்கள் என்பதை நினைவில் கொள்ளவும். தேங்காய்க்குத் தடையில்லை, பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச்சான்று (நோயும் பூச்சியும் இல்லை என்ற அரசுச் சான்று) வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் மாத்திரைகளைக் கொண்டுபோக வேண்டாம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுப்புப் படிவத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். அதே காகிதங்களை அடுத்த வாரமே வேறொரு நாட்டுத் தூதரகத்தில் கொடுப்பது வீண். மறுப்பு ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கும் பொதுப் பதிவில் இருக்கும். குறிக்கப்பட்ட காரணத்துக்கு நேரான சான்றைச் சேர்த்த பிறகே மீண்டும் விண்ணப்பிக்கலாம், அல்லது படிவத்தில் சொல்லப்பட்ட வழியில் மேல்முறையீடு செய்யலாம். பிறகு பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, வேறு நாடுகள் விசா மறுத்ததுண்டா என்ற கேள்வி வரும். அதற்கு இல்லை என்று எழுதுவது மறுப்பைவிடக் கேடானது. ஏமாற்றியதாக முடிவு செய்யப்பட்டால் பத்து ஆண்டுகள் வரை அங்கே விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம்.