முதல் இசைக்கருவியை எங்கே, எப்படி வாங்குவது? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை வயலின் வகுப்பிலோ மிருதங்க வகுப்பிலோ சேர்த்த அன்றே பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியில் விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. பொத்துவிலில் இருப்பவருக்கோ மட்டக்களப்பு நகரமே 100 கிலோமீற்றருக்கு மேல். கடையில் இரண்டு மூன்று வயலின்கள் தொங்கும்போது கைப்பேசியில் பக்கம் பக்கமாக வயலின்கள் வருகின்றன. ஆனால் அங்கே காட்டப்படுவது கருவியின் விலை மட்டுமே. அதை வாசிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதற்கும், ஓர் ஆண்டு கழித்துத் தோலோ தந்தியோ தளரும்போது திருத்துவதற்கும் ஆகும் செலவு அந்த விலையில் இல்லை. கருவியோடு அதைப் பராமரிக்கும் கையையும் சேர்த்தே நாம் வாங்குகிறோம் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

இசைக்கருவிக் கடைகள் குறைந்து வருவது நமது ஊரில் மட்டும் நடப்பதன்று. 1924ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்கப்பட்ட சாம் ஆஷ் நிறுவனம், தனது நூறாவது ஆண்டான 2024இல் எஞ்சியிருந்த 42 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய இசைக்கருவிக் கடைத்தொடரான கிற்றார் சென்டர் 2020 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்று, கடனை மறுசீரமைத்த பின்னரே மீண்டது. அவ்வளவு பெரிய நிறுவனங்களே தடுமாறிய காலத்தில், நமது பிரதான வீதியில் உள்ள சிறிய கடைக்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியபோது, ஒரு வயலினை விற்ற பணத்தில் அதே போன்ற இன்னொரு வயலினைக் கொள்வனவு செய்ய முடியாத நிலை உண்டானது. வயலினும் வீணையும் நாள்தோறும் விற்கும் பொருள்கள் அல்ல. தந்தி, வயலின் வில்லுக்குப் பூசும் றொசின், அடப்டர், உறை போன்ற சிறு பொருள்களின் விற்பனைதான் இத்தகைய கடையை மாதந்தோறும் தாங்கி நிற்கும். இணையவழி விற்பனைக்கு முதலில் போனவையும் அவையே. கடைக்குச் சென்று கருவியை எடுத்து வாசித்துப் பார்த்து, கடைக்காரரின் நேரத்தையும் அறிவையும் பெற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதே கருவியை வேறிடத்தில் ஓடர் செய்யும் பழக்கம் இதற்கு மேலும் வலுச் சேர்க்கிறது. இது நேர்மையற்ற செயல் என்பதே என் கருத்து.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்து போன யாழை மீட்டறிவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பண்டை இலக்கியக் குறிப்புகளிலிருந்தும் கணக்கிலிருந்தும் ஒரு கருவியை மீட்டெடுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அதைச் செய்தவர்களின் மரபும் திருத்தியவர்களின் மரபும் அறுந்து போனமைதான். அந்த மண்ணில் வாழும் நமக்கு, தோல் கட்டுபவரும் தந்தி மாற்றுபவரும் ஊரில் இருக்க வேண்டும் என்பதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தயங்காமல் ஓடர் செய்யக்கூடியவை

எலக்ட்ரோனிக் சுருதிப்பெட்டி, எலக்ட்ரோனிக் தம்புரா, ட்யூனர், மைக், ஸ்டாண்ட், உறை ஆகியவற்றை இணையத்தில் வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. ஒரே மாதிரியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. பழுதுபட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். கீபோர்டும் இந்த வகையில் சேரும். ஆனால் 61 கட்டைகளுக்குக் குறைந்ததையும், கட்டைகள் சிறியனவாக உள்ளதையும் படிப்புக்கு வாங்க வேண்டாம். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலியும் பலமாக அழுத்தினால் பெரிய ஒலியும் தரும் வசதி உள்ளதா என்பதை விவரத்தில் தேடிப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கீபோர்டுகள் விலை குறைவாகக் கிடைக்கும். அவை 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், பின்பக்கத்து லேபலை அல்லது அடப்டரில் எழுதியுள்ளதைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்காமல் பணம் செலுத்தக் கூடாது. அடப்டரைத் தனியாக வாங்கினால் வோல்ட் அளவு மட்டுமன்றி, முனையின் நேர், எதிர்த் திசையும் பொருந்த வேண்டும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் சுங்கத் தீர்வையையும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உள்ள வற் வரியையும், கூரியர் நிறுவனம் அறவிடும் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, வாங்கியவர்களின் கருத்துகளை வாசிக்கும் முறை. “சொன்ன நாளில் வந்தது, நன்றாகப் பொதி செய்திருந்தார்கள்” என்பது கூரியரைப் பற்றிய பாராட்டு. தந்தி எத்தனை நாள் சுருதி நின்றது, தோல் எத்தனை மாதம் தாங்கியது என்று எழுதியிருப்பவரின் கருத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டியவை

மிருதங்கத்தை ஒருபோதும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் ஆசிரியரிடம் எத்தனை கட்டைச் சுருதி என்று கேளுங்கள். பெண் குரலுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற உயர்ந்த சுருதிக்கு ஏறத்தாழ 22 அங்குல நீளமும், ஆண் குரலின் தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல நீளமும் வழக்கம்; தவறான நீளத்தில் வாங்கிய கருவியை, தோலை இறுக்கிக் கட்டும் வாரை இழுத்து ஓரளவுக்கு மேல் சரிசெய்ய முடியாது. மிருதங்கத்தின் உடலான கட்டை பலாமரமாக இருக்க வேண்டும், புழுத்துளைகளும் வெடிப்பும் இருக்கக் கூடாது. வலது பக்கத் தோல்முகமான வலந்தலையைச் சுற்றிவரச் சம தூரத்தில் தட்டும்போது எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்கிறதா என்று ஆசிரியர் பார்க்க வேண்டும். ஆகையால் அவரை அழைத்துச் செல்லுங்கள், அவருடைய போக்குவரத்துச் செலவையும் அந்த அரை நாளையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள கறுப்புச் சோறு மேடுபள்ளமாக உதிரத் தொடங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வார் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும், மேலும் இழுக்க நீளம் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மிக முக்கியமான கேள்வியைக் கேளுங்கள்: மூட்டு (தோல்முகம்) மாற்ற வேண்டி வந்தால் யார் செய்வார், எத்தனை நாள் எடுக்கும், என்ன செலவாகும்? விடை தெளிவாகச் சொல்லும் கடைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. தோல் வேலை செய்பவர் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு, வாருக்குப் பதிலாக நட்டும் போல்டும் பூட்டிய மிருதங்கம் உதவலாம். பெற்றோரே முறுக்கிச் சுருதி ஏற்றலாம். ஆனால் அது பாரம் கூடியது, சில ஆசிரியர்கள் விரும்புவதும் இல்லை என்பதால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

வயலினுக்கு அளவுதான் முதல் கேள்வி. பிள்ளை இடது கையை நீட்டி வயலினைத் தோளில் வைக்கும்போது, அதன் தலைச்சுருள் உள்ளங்கையில் அமர்ந்து விரல்கள் அதைச் சுற்றி இலகுவாக மடங்க வேண்டும். அப்படி எட்டவில்லையென்றால் முக்கால் அல்லது அரை அளவு வயலின் வேண்டும். பிறகு வளர்ந்துவிடுவான் என்று முழு அளவை வாங்கிக் கொடுப்பது, பிள்ளையின் கையையும் ஆர்வத்தையும் சேர்த்தே கெடுக்கும். எந்த முறையில் பழகப் போகிறார் என்பதையும் கடையில் சொல்லுங்கள். பறங்கியர் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிக்கும் மரபு மட்டக்களப்பில் இருக்கிறது. தேவாலயத்துக்கும் மேலைத்தேய இசைப் பாடத்துக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கர்நாடக இசையில் ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கு இறக்கிச் சேர்ப்பதால், தந்தியின் தடிப்பும், தந்திகளைத் தாங்கும் குதிரையின் உயரமும் அதற்கேற்ப அமைய வேண்டும். இதைச் செய்து தருவது கடையில் ஒரு மணித்தியால வேலைகூட இல்லை. பார்சலில் வரும் மலிவு வயலினிலோ குதிரை பெரும்பாலும் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும், தந்தியை முறுக்கும் பிரடைகள் வழுக்கும், வில்லுக்கு றொசின் பூசப்பட்டிருக்காது. முதல் வாரத்திலேயே பிள்ளை அழுதுவிட்டுக் கருவியை மூடி வைப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, இதுதான்.

வீணையில் தந்தியை அழுத்தும் இடங்களான 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. மூடிய லொறியில் வெயிலில் பயணம் செய்து வரும்போது மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்தால் சுரங்கள் அனைத்தும் பிழையாகிவிடும். மெட்டுகளை மறுபடி சுருதிக்குப் பதிக்க, அதாவது மேளம் கட்ட, தெரிந்தவர் தேவை. இந்தியாவிலிருந்து வரவழைப்பதானால், வந்து சேர்ந்த பின் அதைச் செய்து தரும் பொறுப்பையும் ஏற்கும் கடைக்காரர் மூலமாகவே வரவழையுங்கள். வீணை ஆசிரியர்களிடமும், கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயின்றவர்களிடமும் விசாரித்தால், யார் இதை நன்றாகச் செய்வார் என்று அறியலாம்.

கிற்றாரில் தந்திக்கும் கழுத்துப் பலகைக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டின் மேல் உலோகத் தந்திக் கிற்றாருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். அதற்கு மேல் போனால் புதிதாகப் பழகுபவரின் விரல் நோகும். நைலோன் தந்திக் கிற்றாருக்கு உலோகத் தந்தி பூட்டவே கூடாது: இழுவிசை மிக அதிகமாகி, தந்திகள் பூட்டப்பட்ட பாலம் பெயர்ந்துவிடும். புல்லாங்குழலை ஆசிரியர் ஊதிப் பார்த்துத் தெரிவு செய்து தருவதே போதுமானது.

கூத்துக்கான மத்தளம், கண்ணகி அம்மன் சடங்குக்கான உடுக்கு ஆகியவற்றை எந்தத் தளத்திலும் தேட வேண்டாம். அண்ணாவியாரிடமும் கோயில் கட்டாடியாரிடமும் கேட்டு, அவற்றைச் செய்பவரிடம் நேரில் சென்று, முற்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். காத்திருப்பதே அங்கே முறை.

கடையில் பேசும் முறை

இணைய விலையைக் காட்டி அதே விலைக்குத் தரும்படி வற்புறுத்துவதை விட, வேறு விதமாகப் பேசினால் இருவருக்கும் பயன் கிடைக்கும். விலையில் ஆயிரம் ரூபாய் குறைப்பதற்குப் பதிலாக, குதிரையையும் தந்தியையும் சரிசெய்து தருவீர்களா, ஆறு மாதத்தில் ஒருமுறை இலவசமாகப் பார்த்துத் தருவீர்களா, பிள்ளை வளர்ந்ததும் முக்கால் வயலினைத் திரும்ப எடுத்து முழு வயலினுக்குக் கழித்துத் தருவீர்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையை அழைக்கலாம்.

ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகள் படித்தால், பத்துப் பெற்றோரும் தனித்தனியே தந்தி ஓடர் செய்யாமல், ஆசிரியர் சொல்லும் ஒரே வகையை மொத்தமாக ஊர்க் கடையிலேயே தருவிக்கச் சொல்லுங்கள். மொத்தமாக எடுக்கும்போது விலை குறையும். போலித் தந்தி வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார். கடைக்கும் வருவாய் நிலைக்கும். களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் முன்னின்றால் இதை அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம். வேறிடத்தில் வாங்கிய கருவியைத் திருத்தக் கொண்டு போனாலும் தயங்காமல் உரிய கூலியைக் கேட்டுக் கொடுங்கள்; அந்த வேலை இலவசம் அல்ல.

பார்சல் வந்த பின்னும், பருவம் மாறும்போதும்

எல்லாவற்றையும் யோசித்து ஓடர் செய்துவிட்டீர்கள் என்றால், பெட்டியைத் திறப்பதைத் தொடக்கம் முதல் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். வயலினை மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே சிறு மரக்குச்சி உருளும் ஓசை கேட்டால், மேற்பலகையைத் தாங்கும் தூண் விழுந்துவிட்டது என்று பொருள். அது பசையால் ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்கிறது. அந்த நிலையில் தந்தியை முறுக்கினால் மேற்பலகை உள்ளமுங்கி வெடிக்கக்கூடும். தந்திகளைத் தளர்த்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நமது கரையோரத்தில் மரமும் தோலும் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்படுகின்றன. மாரி மழைக் காலத்தில் வாவிப் பக்கத்துச் சுவரும் கடல் பக்கத்துச் சுவரும் ஈரம் பிடிக்கும். தோல் தளரும், பிரடை இறுகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து, பிரடை வழுக்கி, ஒட்டிய இடம் விலகும். கருவியை உறையில் இட்டு, உட்சுவர்ப் பக்கம் நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ஒரு மணித்தியாலம்கூட விடாதீர்கள். தோலும் வாரும் மாற்ற வேண்டியிருந்தால், வைகாசிச் சடங்குகளும் ஆடி, ஆவணித் திருவிழாக்களும் நடக்கும் மாதங்களில் திருத்துபவர்களுக்கு நேரம் கிடைக்காது என்பதால், பங்குனிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வாணி விழாவில் பிள்ளை வாசிக்க வேண்டுமென்றால், தந்தி மாற்றும் வேலையை ஆவணி முடியும் முன்னரே சொல்லி வைத்துவிடுங்கள்.