ஒரே துடிப்பில் அல்ட்ராசவுண்ட் படம்: நியூரல் நெட்வொர்க்கை எங்கே பொருத்துவது?

128 எலிமெண்ட் (ஒலியை அனுப்பி வாங்கும் சிறு துண்டு) கொண்ட நேர்கோட்டு ப்ரோப்பிலிருந்து, அதாவது உடலில் வைக்கும் கருவியிலிருந்து, தட்டை அலை 4 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப ஏறக்குறைய 52 மைக்ரோவினாடிதான். ஆனால் ஒற்றைத் துடிப்பின் படம் மங்கல். அலையை 75 கோணங்களில் அனுப்பி அந்தப் படங்களைக் கூட்டினால் தெளிவு வரும். பிரேம் வேகமோ 75-இல் ஒரு பங்காகிவிடும். நெட்வொர்க்குக்கு வேலை இங்கேதான்: ஒற்றைத் துடிப்பிலேயே அந்தத் தெளிவைக் கொண்டுவருவது.

மூல எதிரொலியை அப்படியே ஊட்டாதீர்கள். ஒலிவேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் 128 சேனல்களில் (எலிமெண்டுக்கு ஒன்று) எதிரொலி வந்துசேரும் தாமதத்தை முதலில் சரிசெய்யுங்கள். எந்தச் சேனலுக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் நெட்வொர்க் சொல்லட்டும். பிக்சலையே வரையவிட்டால் இல்லாத கட்டியையும் வரையக்கூடும். நோயாளி விஷயத்தில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

பயிற்சி இலக்கு, அதே காட்சியின் 75 கோணக் கூட்டுப்படம். லாஸை (இலக்கிலிருந்து நெட்வொர்க் விலகும் பிழையை) மடக்கை அளவில் கணக்கிடுங்கள். எதிரொலிகளுக்கிடையே 60 டெசிபெல் என்றால் அலைவீச்சில் 1000 மடங்கு வித்தியாசம். சாதாரண வர்க்கப்பிழை வைத்தால் பளிச்சென்ற புள்ளிகளே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், நீர்க்கட்டிக்குள் சாம்பல் படர்ந்து கிடக்கும்.

ஃபேன்டமில் (உடல் திசுபோலச் செய்த சோதனைக் கட்டையில்) கம்பிப் புள்ளி பிறைபோல வளைகிறதா? மறுபயிற்சிக்கு ஓடாதீர்கள், தாமதத்தின் தொடக்க நேரத்தைப் பாருங்கள்.

368×256 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 128 சேனல் என்றால் ஒரு பிரேமில் சுமார் 1.2 கோடி எண்கள். தாமத அட்டவணையை முன்கூட்டியே ஜிபியுவில் ஏற்றி, 16 பிட்டில் ஓட்டுங்கள். சோதனைத் தரவை ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் பிரேம்கள் பயிற்சி, சோதனை இரண்டிலும் கலந்தால் கிடைக்கும் மதிப்பெண் பொய்.