புது நிலநத்தை கெடச்சா முறைப்படி பேர் வைக்கிறது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலைல தேடுறீங்கன்னா பெரிய நத்தைய விட்டுட்டு 5 மில்லிமீட்டருக்கும் சின்னதப் பாருங்க, கண்ல படாம தப்பிக்கிறது அதுங்கதான். முதல்ல வனத்துறை அனுமதி, அது இல்லாம ஒரு நத்தை ஓட்டக்கூட எடுக்காதீங்க. மழை சீசன்ல மட்கின சருக அள்ளி சல்லடைல சலிச்சு லென்ஸ் வெச்சு நிதானமா பாக்கணும். எடம், உயரம், தேதி எல்லாம் பென்சில்ல எழுதி குப்பிக்குள்ளயே போடுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரஞ்சிடும்.

ஓடு மட்டும் பத்தாது. உயிரோட கெடச்சத காத்து இல்லாம தண்ணி நெறச்ச குப்பில ராத்திரி முழுக்க வெச்சா உடம்பு வெளிய நீண்டு வரும், அப்புறம் 70% எத்தனால்ல போடுங்க, டிஎன்ஏவுக்கு ஒரு துண்ட 95%ல தனியா வைங்க. பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்ட பிரிச்சுக் காட்டுறது பெரும்பாலும் உள்ள இருக்குற இனப்பெருக்க உறுப்புதான்.

ரொம்ப முக்கியம், புதுசுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி 1908ல ஆரம்பிச்சு வந்த பிரிட்டிஷ் இந்தியா மெல்லுடலி (நத்தை, சிப்பி வகை) புத்தகத் தொகுதிகளப் பொறுமையா படிங்க, மியூசியத்துல இருக்குற பழைய மாதிரிகளோடயும் ஒப்பிடுங்க. ஓட்டு வாயோட விளிம்பு இன்னும் தடிக்காத குட்டிய வெச்சு பேர் வைக்கவே கூடாது.

எழுதும்போது ஒரே ஒரு ஓட்ட ஹோலோடைப்புன்னு (அந்தப் பேருக்கு ஆதாரமான ஒரே மாதிரி) குறிச்சு, உயரம், அகலம், சுருள் எண்ணிக்கை, அடிக்குழி (ஓட்டோட அடில நடுவுல இருக்குற குழி), நெருங்கின இனத்துல இருந்து என்ன வித்தியாசம்னு தெளிவா சொல்லுங்க. அந்த ஹோலோடைப்ப இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் (ZSI) மாதிரி அரசு அங்கீகரிச்ச காப்பகத்துல ஒப்படைக்கணும். ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னல்னா ஜூபேங்க் (விலங்குப் பேர்களப் பதியுற உலகப் பதிவேடு) பதிவு எண் கட்டுரைக்குள்ளயே இருக்கணும், இல்லன்னா நீங்க வெச்ச பேர் செல்லாது.