ஜவுளிக்கடையிலிருந்து பில் மெசேஜ், ஆஃபர் மெசேஜ்: டிஎல்டி பதிவு செய்முறை

மதுரை விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ஒரு சுங்குடிச் சேலைக் கடை, சித்திரைத் திருவிழாத் தள்ளுபடி. கல்லாவில் இருக்கும் சிம்மிலிருந்தே எல்லாருக்கும் மெசேஜ் தட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2025-இல் திருத்திய விதிப்படி 10 நாளில் 5 பேர் புகார் செய்தாலே நடவடிக்கை. முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் நிற்கும். திரும்பவும் நடந்தால் ஓராண்டுக்கு இணைப்பே போய்விடும். ஊருக்கே தெரிந்த கடை நம்பர் அது. அதனால் டிஎல்டி வழியாகவே அனுப்புங்கள்; வணிக மெசேஜ் அனுப்புவோரையும் அவர்கள் வாசகங்களையும் தொலைபேசி நிறுவனங்கள் பதிந்து வைக்கும் பதிவேடு அது.

படி 1: ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் இவற்றில் ஏதாவது ஒன்றின் டிஎல்டி தளத்தில் பதிந்தால் போதும். பேன் கார்டு, ஜிஎஸ்டி சான்று, லெட்டர்ஹெட்டில் அதிகாரக் கடிதம் தேவை. பேன் கார்டில் உரிமையாளர் பெயரும் ஜிஎஸ்டியில் கடைப் பெயரும் இருந்தால், இரண்டும் தெரிகிற சான்றையே ஏற்றுங்கள்.

படி 2: ஹெடர், அதாவது மெசேஜில் அனுப்பியவர் பெயராகத் தெரிவது. பில் மெசேஜுக்கு ஆறு ஆங்கில எழுத்துக்குள், கடைப் பெயரை ஒட்டி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அது வேறு ஹெடர்.

படி 3: டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டியே அங்கீகாரம் வாங்கும் மெசேஜ் வாசகம். பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். பில் மெசேஜின் கடைசியில் “ஆடித் தள்ளுபடி உண்டு” என்று ஒரு வரி ஒட்டினால் மெசேஜ் முழுவதும் விளம்பரம் ஆகிவிடும். விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி போட்டவர்களுக்குப் போகாது, இரவு 9 முதல் காலை 10 வரையும் போகாது. பில் தனி, ஆஃபர் தனி என இரண்டு டெம்ப்ளேட் வாங்குங்கள்.

தொகை மாதிரி மாறும் இடங்களைத் தவிர, அங்கீகரித்த வாசகமும் அனுப்பும் வாசகமும் புள்ளி, இடைவெளி வரை ஒத்துப்போக வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு துண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. திரும்பத் தட்டாமல், அங்கீகரித்த வாசகத்தையே காப்பி செய்து ஒட்டுங்கள்.

நீளத்தையும் எண்ணுங்கள். ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70. தமிழில் 70-ஐத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும், துண்டுக்கு 67. ‘சுங்குடி’ பார்வைக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. கட்டணம் துண்டுக்குத் துண்டு ஏறும். பில் மெசேஜுக்கு ஆங்கிலமே சிக்கனம்; ஆஃபருக்குத் தமிழ்தான் என் சிபாரிசு, நம் ஊரில் அதைத்தான் நின்று படிப்பார்கள்.

மெசேஜில் இணைய முகவரி இருந்தால் அதையும் டிஎல்டியில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2024 அக்டோபர் முதல் பதியாத முகவரி உள்ள மெசேஜ் அப்படியே நின்றுவிடும்.

படி 4: மெசேஜ் அனுப்பித் தரும் நிறுவனத்தை டிஎல்டி கணக்கில் இணையுங்கள். இது விட்டுப்போனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் போகாது. முதலில் நான்கு நெட்வொர்க்கிலும் ஒவ்வொரு நம்பருக்கு அனுப்பிச் சோதியுங்கள்.

படி 5: நம்பர் வாங்கும் முறை. பில்லுக்குக் கொடுத்த நம்பர் ஆஃபருக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. அதைத் தனியாகக் கேளுங்கள். நம்பர் தர மறுத்தாலும் பில் போட்டே ஆக வேண்டும். நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நோட்டில் எழுதி கல்லா மேல் விரித்து வைக்காதீர்கள். அடுத்து நிற்பவர் ஒரு போட்டோ எடுத்தால் வரிசையாக இருபது பெண்களின் நம்பர் வெளியே போய்விடும். “எனக்கு அனுப்பாதீங்க” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுங்கள், அனுப்பித் தரும் நிறுவனத்திடம் இருக்கும் பிரதியிலிருந்தும்.