“ட்ரான்ஸ்ஃபர் ஆகும்” என்ற ஒரு சொல்லை நம்பி ஓராண்டை இழக்காதீர்கள்: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேரும் பிள்ளைகளுக்கு

ஊரில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளையை நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்த்த அனுபவம் நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. டிப்ளமோ சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் கலந்தாய்வுக்குப் போகலாம். படித்த படிப்பு முழுவதும் ஒரே கட்டாகக் கணக்கில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று கேள்விப்படும்போது, நம் மனம் அந்தப் பழைய வழியையே நினைத்துக்கொள்கிறது. என் அக்கா மகன் விஷயத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், அதற்கு விலையாக அவனுக்கு ஓராண்டு போயிற்று. இங்கே பிள்ளை படித்ததை ஒவ்வொரு பாடமாகப் பிரித்து, தங்கள் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

பொதுவான படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 46 டாலர். மாநிலவாசி என்ற தகுதிக்கு ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததற்கான சான்று வேண்டும் என்பதால், வந்த நாள் முதலே வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் கிடையாது; அவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் படித்தே ஆக வேண்டும். யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட்டுகள் வேண்டும், ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண் புள்ளி மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8 என்பது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே, பொறியியல் போன்ற துறைகளில் அதை வைத்துக்கொண்டு இடம் கிடைக்காது. விண்ணப்பம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் இறுதியோடு ஏறக்குறைய முடிகிறது. ஊரில் ஓராண்டு கல்லூரியில் படித்து இடையில் விட்டிருந்தாலும் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

இனி எங்களைக் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரையில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கிரீன் கார்டில் அக்கா, அத்தானோடு வந்து சேர்ந்தான் என் மருமகன். கணினிப் பொறியியல் படிக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தான். பே ஏரியாவில் ஒரு கல்லூரியில் முதல் ஆண்டு இயற்பியல் ஒன்று, இயற்பியல் இரண்டு இரண்டையும் ‘ஏ’ வாங்கி முடித்தான். அந்தக் கோடையில் அத்தானுக்கு சாக்ரமெண்டோ பக்கம் வேலை கிடைத்துக் குடும்பம் இடம்பெயர, அவனும் அங்கே வேறொரு கம்யூனிட்டி காலேஜுக்கு மாறினான். கல்லூரியில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைச் சந்திக்கப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. “நான் முடித்த பாடங்கள் ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா?” என்று கேட்டான். “எல்லாமே ஆகும்” என்று பதில் வந்தது. இரண்டு முடித்தாயிற்று, அடுத்தது மூன்று என்று அவன் இயற்பியல் மூன்றில் பதிவு செய்தான்.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம் தொலைபேசியில், “மாமா, இங்கே எல்லாம் எனக்குத் தெரிந்த பாடமாகத்தான் இருக்கிறது” என்றான். நம் ஊர்ப் பிள்ளைக்கு அடித்தளம் பலமாக இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே எங்களுக்கு எச்சரிக்கை இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

முதல் கல்லூரியில் இயற்பியல் இரண்டு என்பது மின்சாரமும் காந்தவியலும். இரண்டாவது கல்லூரியில் அதே மின்சாரமும் காந்தவியலும் மூன்றாம் எண்ணில் இருந்தன. அங்கே இரண்டு என்பது வெப்பமும் அலைகளும் ஒளியியலும். ஆகவே அவன் ஒரே பாடத்தை இருமுறை படித்திருக்கிறான், வெப்பத்தையும் அலைகளையும் தொடவே இல்லை. எல்லாத் துறையினருக்கும் பொதுவான பொதுப்பாடத் தொகுதி முழுவதையும் முடித்து, கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் வாங்கவிருந்த நிலையில், பட்டமளிப்பு அங்கியின் படத்தை அக்கா மதுரைக்கு அனுப்பக் காத்திருந்தபோது, ஏப்ரலில் பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. கல்லூரியின் ட்ரான்ஸ்ஃபர் மையத்தில் ஓர் அம்மையார் அவனுடைய மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியின் எந்தப் பாடம் தங்களுடைய எந்தப் பாடத்துக்கு ஈடு என்று சொல்லும் பல்கலைக்கழக ஒப்பந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வந்தார். இயற்பியலில் நடுக் கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. இயற்பியல் தொடர் முழுமை பெறாத விண்ணப்பத்தை ஏற்பதில்லை என்று அவன் விண்ணப்பித்த துறை தன் நிபந்தனைகளில் எழுதியே வைத்திருந்தது.

கவுன்சிலர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். ஒரு பாடம் ‘ட்ரான்ஸ்ஃபர் ஆகும்’ என்றால் அதன் யூனிட்டுகளைப் பல்கலைக்கழகம் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அது உங்கள் மேஜருக்கு, அதாவது நீங்கள் பட்டம் பெறப்போகும் முதன்மைத் துறைக்கு, தேவையான குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ‘ஆர்டிகுலேஷன்’ என்று பெயர். பதினைந்து நிமிடத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்புகிறவர்களிடம், கேட்காத இரண்டாவது கேள்விக்குப் பதில் வராது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: “இந்த வளாகத்தில், இந்த மேஜருக்கு, இந்தப் பாடம் அவர்களுடைய எந்தப் பாடத்துக்கு ஈடாகிறது? இந்தத் தொடரில் நான் இன்னும் எதை முடிக்க வேண்டும்?”

அதற்கு முன் நீங்களே பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அசிஸ்ட் என்ற இணையதளத்தில் கல்வியாண்டு, உங்கள் கம்யூனிட்டி காலேஜ், சேர விரும்பும் வளாகம், மேஜர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பந்தம் திறக்கும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலது பக்கம் உங்கள் கல்லூரியின் பாடம். வலது பக்கத்தில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்று இருந்தால் அத்தனையும் முடித்தால்தான் இடது பக்கத்துப் பாடம் கிடைக்கும். ‘ஆர்’ என்று இருந்தால் ஏதேனும் ஒன்று போதும். ‘நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்’ என்று இருந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடமே இல்லை. கல்லூரி மாறுகிற நிலை வந்தால் இரண்டு கல்லூரிகளின் ஒப்பந்தங்களையும் அச்செடுத்து, பாடத்தின் எண்ணை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். முடிந்தால் இயற்பியல், வேதியியல், கால்குலஸ் போன்ற தொடர்களை ஒரே கல்லூரியில் முடித்துவிட்டு மாறுங்கள்.

பொறியியலுக்கும் அறிவியலுக்கும் போகிற பிள்ளைகள் பொதுப்பாடத் தொகுதியை முதலில் முடிக்கத் துடிக்க வேண்டாம். பல வளாகங்கள் இத்துறைகளில் மேஜர் பாடங்களைத்தான் முதலில் பார்க்கின்றன. அசோசியேட் பட்டம் யூ.சி.யில் சேர நிபந்தனையே அல்ல. சி.எஸ்.யூ. எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ட்ரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த அசோசியேட் பட்டம் ஒன்று உண்டு; அதுவும் அந்த அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்யுமே தவிர, நீங்கள் விரும்பும் வளாகத்தை உறுதி செய்யாது.

இன்னொன்று, ‘டேக்’ எனப்படும் சேர்க்கை உறுதி ஒப்பந்தம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ தருவதில்லை. இதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில் மட்டுமே. எல்லா வளாகமும் எல்லா மேஜருக்கும் தருவதில்லை என்பதால் முன்கூட்டியே பாருங்கள். என் மருமகன் முதல் ஆண்டு இதைத் தவறவிட்டான். அடுத்த ஆண்டு விட்டுப்போன வெப்பவியல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே முதல் வேலையாக இதை அனுப்பினான். இப்போது யூ.சி. வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

போன வாரம் அவனுடைய சித்தப்பா மகள் மதுரையிலிருந்து காணொளியில் பேசினாள். அவளும் அடுத்த ஆண்டு இங்கே வருகிறாள். அங்கே இரவு பத்து மணி, பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று அவள் கேட்டாள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் திரையில் ஒப்பந்தத் தாளைத் திறந்து காட்டி, “இயற்பியல் கட்டத்தில் எத்தனை ‘அண்ட்’ இருக்கிறது, எண்ணிச் சொல்லு பாப்பா” என்றான்.